கிளம்பாத ஸ்கூட்டர்கள்

ஸ்கூட்டர் கிளம்பித் தொலைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே அதை உதைக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தக் கண்ணாடிக் கடைக்காரன் அப்படித்தான் உதைப்பான். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவன். எட்டாம் வகுப்பில் பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டி வாத்தியாரின் குடையில் ஓட்டை போட்டதிலிருந்து, கூடப் படித்த இரண்டு பேருக்கு மட்டும் அவன் 'லென்ஸ்'. ஐம்பத்திரண்டு வயது ஆளைப் போய் அவன் இவன் என்று சொல்வதா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களே 'அவர்' போட யோசிப்பீர்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் நெட்டை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எந்த வீட்டு வாசலிலும் குனிந்து நுழைந்தே பழகி, வானத்துக்குக் கீழே நடக்கும்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பான். இன்னொருவன் சர்வேயர். நில அளவை அலுவலகத்தில் வேலை. பையில் பர்ஸ் இல்லாமல் வெளியே வருவான், டேப் இல்லாமல் வரமாட்டான்.

இருபத்திரண்டு வயதில் மூவரும் ஒரு திட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு பழைய ஸ்கூட்டர் வாங்கி, ரிப்பேர் பார்த்து, கடல் வரை ஓட்டிக்கொண்டு போவது. நானூற்று எண்பது கிலோமீட்டர். மூன்று பேருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வண்டி பார்க்கக் கிளம்பிய வாரத்தில் லென்ஸின் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. "நீ இல்லாம நாங்க எப்படிடா போறது, அம்மா எழுந்திரிக்கட்டும்" என்றார்கள் மற்ற இருவரும். அம்மா எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்து, கடையையும் பார்த்துக்கொண்டதில் லென்ஸுக்குக் கல்யாணம் என்ற பேச்சு எப்போது நின்றுபோனது என்று அவனுக்கே தெரியாது. மற்ற இருவரும் குடும்பஸ்தர்கள் ஆனார்கள். ஒரே ஊர்தான், ஆனாலும் பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆகி, அப்புறம் அதுவும் போய், போனில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதோடு நின்றுவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது இருவரும் வந்தார்கள். தோளில் கை போட்டு, "அடிக்கடி வர்றோம்டா" என்றார்கள். சாவு வீட்டில் சொல்கிற வார்த்தைக்கு யார் வட்டி கேட்கப் போகிறார்கள். வரவில்லை. லென்ஸ் கடையை மூடிவிட்டு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் நினைவு வந்து, செருப்பைக் கழற்றுவான்.

அப்படி இருக்கும்போதுதான், பார்சல் அனுப்புகிற ஒரு கம்பெனி இழுத்து மூடப்பட்டு, அதன் முற்றத்தில் மூன்று ஸ்கூட்டர்கள் துருப்பிடித்து நிற்பதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். பழைய இரும்பு விலைக்குத் தருகிறார்கள், ஆனால் மூன்றையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். லென்ஸ் கடையைப் பாதியில் மூடினான். அன்றைக்கே மூன்றையும் வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தினான். இரண்டு பேருக்கும் போன் போட்டான். "வண்டி வாங்கியாச்சு. கடலுக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க, ரிப்பேர் பண்ணணும்."

வந்தார்கள். நெட்டை தன் வேலைப் பெட்டியோடு வந்தான். சர்வேயர் டேப்போடு வந்து, எதற்கென்று தெரியாமல் மூன்று ஸ்கூட்டரின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டான். வண்டிகளைப் பார்த்துவிட்டு நெட்டை, "இதுல கடலுக்குப் போறதவிட கடலை இங்க கொண்டுவர்றது சுலபம்டா" என்றான். சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை லென்ஸால் எப்படி மறக்க முடியும்? அம்மாவின் சக்கர நாற்காலி அந்தக் கொட்டகையில்தான் கிடந்தது. நெட்டை அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு ஸ்பேனர்களை அடுக்கி, வேண்டிய வண்டிக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனான். முதல் நாள் லென்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் அவனே அதன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். நெட்டை இஞ்சினைப் பிரிப்பான். கண்ணாடிக் கடையின் பொடி ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு கார்புரேட்டரின் நுணுக்கமான வேலைகளை லென்ஸ் பார்ப்பான். சர்வேயர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டிரேசிங் தாளில் வழியை வரைவான். டீக்கடைகள் பச்சை மையில், பஞ்சர் கடைகள் சிவப்பில். நீல மையில் வேறு ஏகப்பட்ட புள்ளிகள்.

"நீலம் என்னடா?"

"ஒண்ணுக்குப் போற இடம். மூணு பேருக்கும் சுகர் இருக்கில்ல."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. ஆறு மணிக்கு லென்ஸ் மூன்று டம்ளரில் டீ போட்டு எடுத்துவருவான். மூன்று டம்ளரைக் கழுவுவதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எட்டாவது வாரம் மூன்று வண்டியும் கிளம்பிவிட்டன. கொட்டகை முழுக்கப் புகை. நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்டா, அடுத்த வாரம் கிளம்பிடலாம். நாலு நாள் லீவு போடுங்க" என்றான்.

லென்ஸும் சிரித்தான். அவர்கள் போனபிறகு மூன்று டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவைத்தான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாலு நாள் போவோம், கடலைப் பார்ப்போம், திரும்பி வருவோம். அப்புறம்? ரிப்பேர் முடிந்த வீட்டுக்கு மெக்கானிக் எதற்கு வருவான்?

சனிக்கிழமை மெழுகுவத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுப் போகக் குண்டூசி முனை அளவில் ஒரு துளை உண்டு. அதை அடைத்துவிட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். லென்ஸ் அதில் ஒரு சொட்டு மெழுகை விட்டான். மறுநாள் நெட்டை இரண்டு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

அந்த ருசி விடுமா? அடுத்த வாரம் பிளக் வயர் லூசானது. அதற்கடுத்த வாரம் கிளட்ச் கேபிள் தளர்ந்தது. யாருக்கும் அடிபடாத சின்னச் சின்ன வேலையாகத்தான் பார்த்துச் செய்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு நல்ல பிள்ளையாக வண்டியை உதைப்பான். அது கிளம்பாமல் இருமியதும் "அடடா" என்பான். எவ்வளவு கூசாமல் சொன்னான் என்று நினைக்கிறீர்கள்.

பதிமூன்றாவது ஞாயிறு நெட்டை வழக்கத்தைவிட அமைதியாக வந்தான். சட்டையைக் கழற்றவில்லை.

"ஒரு விஷயம்டா. பையன் அவன் ஊருக்கே வந்துடுங்கன்னு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டு இருக்கான். வீட்டைக் காலி பண்றோம். இன்னும் மூணு வாரம்தான்."

"எவ்வளவு தூரம்?" என்றான் சர்வேயர். வேறு எதைக் கேட்பான் அவன்.

"ரெண்டு நாள் ரயில்ல போகணும்."

லென்ஸ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். நெட்டை தொடர்ந்தான். "அதனால அடுத்த ஞாயிறு எப்படியாவது கிளம்பறோம். கடலைப் பாக்காம நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன். இன்னிக்கு என் வண்டிய ரிங் ரோடுல நல்லா ஓட்டிப் பாத்துடறேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி நின்றான் லென்ஸ். ஏனென்றால் முந்தின நாள் மாலைதான் நெட்டையின் வண்டிக் கார்புரேட்டரைப் பிரித்து, அதன் ஜெட்டுக்குள், பெட்ரோல் போகிற அந்தப் பொடித் துளைக்குள், கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியின் நூல் ஒன்றைச் சொருகிவைத்திருந்தான். வண்டி கிளம்பவே கூடாது என்பதுதான் அவன் போட்ட கணக்கு.

கிளம்பித் தொலைத்தது.

"இருடா, கார்புரேட்டரை ஒரு தடவை பாத்துடறேன்" என்றான் லென்ஸ்.

"பாத்ததெல்லாம் போதும். பதிமூணு வாரமா பாத்துட்டுதானே இருக்கோம்" என்று நெட்டை வாசலைத் தாண்டிவிட்டான்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நூல் வச்சிருக்கேன்டா, இறங்கு. சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்றான். தெருமுனையில் நெட்டை தெரிந்தபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வேகமாகப் போகும்போது இஞ்சின் அப்படியே இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, மண்ணில் சறுக்கி விழுந்திருந்தான். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

லென்ஸ் ஓடிப்போய்ப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து காயத்தைத் துடைத்தான்.  நெட்டை இஞ்சினைத் திறந்தான். பிஸ்டன் சூடேறி உருகி, பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றினான். ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். ஒரு ஊசியால் எதையோ இழுத்தான். மஞ்சள் நூல்.

அந்த மஞ்சள் துணி உலகத்திலேயே ஒரு கடையில்தான் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கொட்டகைக்கு வருகிற மூன்று பேரில் ஒருவன் சட்டைப்பையில்தான் இருந்தது, அதுவும் எப்போதும்.

"என்னடா அது?" என்றான் ஸ்டூலிலிருந்த சர்வேயர்.

"பெட்ரோல்ல குப்பை" என்று சொல்லிவிட்டு நெட்டை நூலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். லென்ஸை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பழைய மாடலுக்குப் பிஸ்டன் உள்ளூரில் கிடைக்கவில்லை. வெளியூரில் ஒருவரிடம் சொல்லி வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கடல் பயணம் அத்தோடு போனது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் லென்ஸ். அது மட்டுமா? அடுத்த இரண்டு ஞாயிறும் யாரும் வரவில்லை. வந்து என்ன செய்வது, இஞ்சின் பிரிந்து கிடக்கிறது, செய்ய வேலை இல்லை. நான்கு மணிக்கு லென்ஸ் கொட்டகைக்குப் போய்ச் சக்கர நாற்காலியிலிருந்த ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்கினான். ஆறு மணிக்குப் பழக்கத்தில் மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தான். போன் பண்ணி என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்றா? வா என்றா? இரண்டையும் சொல்ல ஏங்கினான், இரண்டையும் சொல்லவில்லை.

நெட்டை கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பிஸ்டன் வந்து சேர்ந்தது. மறுநாள் மதியம் அவன் தனியாக வந்தான். மனைவி சாமான்களோடு முந்தின வாரமே போய்விட்டாள். சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தான். லென்ஸிடமிருந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டான்.

"எத்தனை தடவைடா?" என்றான், தலையைத் தூக்காமல்.

"அஞ்சு" என்றான் லென்ஸ்.

"டேங்க் மூடியில மெழுகு?"

"நான்தான்."

"கிளட்ச் கேபிள்?"

"ம்."

"சர்வேயர் வண்டி ஹாரன் அதுவா அலறிக்கிட்டே இருந்துச்சே?"

"அது நான் இல்ல. அது அவன் பண்ண வயரிங்."

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "வண்டி கிளம்பறதுக்கு வேற துளை, வேகமா ஓடறதுக்கு வேற துளை. நீ அடைச்சது ரெண்டாவது, பெட்ரோல் பத்தாம பிஸ்டன் வெந்துடுச்சு. அதுகூடத் தெரியாம கையை வச்சிருக்க. திருட்டு வேலையாவது உருப்படியா செய்யக் கூடாதா?"

"தெரியாமப் போச்சு. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான்..." லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மஞ்சள் துணி கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பையில் திணித்தான்.

"ஏன்டா?"

"முடிஞ்சிட்டா நீங்க வரமாட்டீங்களே."

நெட்டை வேலையை நிறுத்தினான். கையில் பிஸ்டன் வளையம் இருந்தது. "அதுக்கு இதெல்லாமா? சும்மா வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டேனா?"

"அம்மா போன மறு மாசம் கூப்பிட்டேன். லிஃப்ட் ஒண்ணு நடுவுல நின்னுடுச்சுன்னு சொன்னே. அப்புறம் என் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். பாக்கறேன்னே."

லென்ஸ் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவரிடம் கண் பவரைச் சொல்வது போலத்தான் சொன்னான். நெட்டை வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான். பொய் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வந்திருக்கமாட்டேன்" என்றான். "ஆமாடா. நிஜமா வந்திருக்கமாட்டேன்."

அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து வளையத்தை மாட்டினார்கள். லென்ஸ் அழுத்திப் பிடிக்க, நெட்டை பிஸ்டனை உள்ளே இறக்கினான். எல்லாம் பூட்டி முடிந்ததும் நெட்டை சொன்னான்: "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு டாக்சி சொல்லியிருந்தேன், வேணாம்னுட்டேன். வண்டியில போறோம். மூணு பேரும். பதினோரு கிலோமீட்டர்தான், என்ன பண்றது. நம்ம ராசி அவ்வளவுதான்."

மறுநாள் காலை சர்வேயர் அந்தப் பதினோரு கிலோமீட்டருக்கும் ஒரு வரைபடத்தோடு வந்தான். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் இருந்தன. நெட்டையின் பெட்டி கால்வைக்கும் இடத்தில் நின்றது. புதுப் பிஸ்டன் என்பதால் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிட வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படிப் போனார்கள். சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனார்கள். சர்வேயர் பச்சைப் புள்ளி போட்ட கடையில் நிறுத்தி டீ குடித்தார்கள். நீலப் புள்ளியிலும் நிறுத்தினார்கள். லென்ஸ் நடுவில் போனான். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. இன்னும் நானூற்று எழுபது கிலோமீட்டர் இருக்கக் கூடாதா என்று ஏங்கினான். இருந்தது. அவன்தான் அதைத் தொலைத்துவிட்டான்.

ஸ்டேஷனில் நெட்டை சாவியை லென்ஸின் கையில் வைத்தான். "ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டு. அப்புறம்தான் இஞ்சின் பழகும்."

"பழகினப்புறம்?"

"நல்லா ஓடும்" என்றான் நெட்டை. வேறென்ன சொல்வான். ரயில் பெட்டியின் வாசலில் குனிந்து ஏறி, திரும்பி, "வரேன்டா" என்றான். போகிறவன் எவன்தான் போறேன் என்று சொல்லியிருக்கிறான். ரயில் கிளம்பியது. லென்ஸ் கையை ஆட்டினான். சர்வேயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். கடைசிப் பெட்டி மறையும் வரை இருவரும் நின்றார்கள்.

வெளியே மரத்தடியில் மூன்று ஸ்கூட்டர்கள், இரண்டு ஆட்கள். சர்வேயருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. "நீ ஒண்ணை எடுத்துட்டுப் போ. இன்னொண்ணை அப்புறம் பாத்துக்கலாம். நான் வரேன்டா" என்று அவனும் தன் வண்டியில் போய்விட்டான்.

லென்ஸ் தன் வண்டியைப் பூட்டி நிறுத்திவிட்டு நெட்டையின் வண்டியில் ஏறினான். நெட்டை தன் கால் நீளத்துக்காக சீட்டுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தியிருந்தான். லென்ஸுக்குக் கட்டைவிரல் மட்டும்தான் தரையில் பட்டது. போனை எடுத்துச் சட்டைப்பையில் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டான். வண்டி கிளம்பாவிட்டால் கூப்பிடலாம். கிளம்பலைடா என்று சொன்னால் நெட்டை விடமாட்டான், ரயிலில் இருந்துகொண்டே பிளக்கைப் பார், சோக்கைப் போடு, கேபிளைத் தொடு என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். சிக்னல் போகும் வரைக்கும் சொல்வான். இந்தத் தடவை லென்ஸ் எதிலும் கைவைக்கவில்லை, சத்தியமாக. தானாகக் கிளம்பாமல் இருந்தால் அது அவன் குற்றமா?

கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான்.

முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. பாவி, கடைசி நாளில் போயா அவ்வளவு ஒழுங்காக ரிப்பேர் பண்ணுவான்.